ஒரு முள்ளும் பெறாத ஆட்டக்காரன்

முள்ளம்பன்றி சிலுப்பனுக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். ஆனால் பாவம், ஒரு நாள்கூட அவனால் ஆட முடிந்ததில்லை.

பந்து அவன் பக்கம் வந்தால் திரும்பிப் போகாது! நேரே வந்து முதுகு முள்ளில் குத்திக்கொண்டு நின்றுவிடும். அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் எல்லோரும் சிரித்துச் சிரித்தே களைத்துப் போவார்கள். சின்ன வயதில் இரண்டு முறை முயன்று பார்த்தான். அப்புறம் விட்டுவிட்டான்.

ஆட முடியாவிட்டால் என்ன? ஆடுகிறவர்களைப் பொறுக்கிச் சேர்க்கலாமே! கிழக்குக் கரை விலங்குகள் எல்லாம் கூடிப் பேசி அந்த வேலையை அவனிடம் ஒப்படைத்தன. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது, எல்லாம் சிலுப்பன் பாடு.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஓடை ஓடியது. ஓடையில் ஓர் ஆழமான மடு இருந்தது. கோடையில் ஓடை காய்ந்தாலும் மடு காயாது. ஆண்டுக்கொரு முறை கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் பந்தாடும். ஜெயித்த கரை கோடை முழுக்க விடியற்காலையில் மடுவில் இறங்கலாம். அப்போது அடி மணல் தெரியும்படி தண்ணீர் தெளிந்திருக்கும். தோற்ற கரை உச்சிவெயிலில்தான் இறங்க வேண்டும். அதற்குள் ஜெயித்தவர்கள் குளித்துப் புரண்டு மடுவைச் சேறாக்கியிருப்பார்கள்.

கிழக்குக் கரை மூன்று ஆண்டுகளாகச் சேறு குடித்துக்கொண்டிருந்தது. போன கோடையில் குட்டிகளுக்கெல்லாம் வயிற்றுக் கோளாறு. முயல் மருக்கொழுந்துவின் ஏழு குட்டிகளில் இரண்டு எழுந்து நடமாடவே ஒரு மாதம் ஆயிற்று.

மருக்கொழுந்து நேரே சிலுப்பனிடம் வந்தாள்.

"அண்ணே! இந்த வருஷமும் சேறுதான்னா நான் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வேற காட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்!"

"எங்கேயும் போக வேணாம் மருக்கொழுந்து. இந்தக் கோடையில உன் புள்ளைங்க தெளிஞ்ச தண்ணி குடிக்கும். இது என் பொறுப்பு!"

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று அவனுக்கு உறைத்தது.

ஆட்டம் இதுதான். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து ஒரு பம்பளிமாஸ் பழம். திடலின் இரண்டு முனையிலும் ஒரு மருத மரம், மரத்தில் ஒரு பொந்து. எதிரணியின் பொந்துக்குள் பழத்தைப் போட வேண்டும். கடிக்கக் கூடாது. முட்டக் கூடாது. அசையாமல் கிடக்கிறவரை மிதிக்கவோ தாண்டவோ கூடாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதியும் உண்டு. மடுவின் குறுக்கே ஒரு பழைய இலுப்பை மரம் சாய்ந்து கிடந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒவ்வோர் அணியும் ஐந்து பேராக அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். மரம் வளைந்து தண்ணீரைத் தொட்டுவிட்டால் அந்த அணி ஆட முடியாது! ஒரு காலத்தில் இந்த விதி கிடையாது. அந்தக் காலத்தில் மேற்குக் கரை ஒரு முறை ஐந்து யானைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அன்று பழமும் மிஞ்சவில்லை, மருத மரமும் மிஞ்சவில்லை. அதற்கப்புறம் வந்த விதி இது.

ஆகவே ஆள் சேர்ப்பது லேசான வேலை இல்லை. பலசாலி வேண்டும் என்றால் அவன் கனமாக இருப்பான். கனமானவனைச் சேர்த்தால் இன்னோர் இடத்தில் இலேசானவனைத் தேட வேண்டும். சிலுப்பன் அல்லும் பகலும் இதே யோசனையாக அலைந்தான். கடைசியில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். தாவிப் பாயும் குரங்கு கருவாலன். வளைந்து நெளிந்து ஓடும் புனுகுப்பூனை புனுகாயி. தடுத்து நிற்க இரண்டு காட்டுப்பன்றிச் சகோதரர்கள். ஐந்தாவது ஆள் அலங்கு சுருளி, எறும்புதின்னி இனம்.

சுருளி சிலுப்பனுக்குப் பக்கத்து வளைக்காரன். குட்டியில் இருந்தே சிநேகிதம். உடம்பெல்லாம் செதில். எறும்பும் கரையானும்தான் சாப்பாடு. பகலில் பாதி நேரம் கண் சொருகிக்கொண்டு போகும். ஆடும்போது பழத்தைத் தொடக்கூட மாட்டான். திடலில் எங்கேயாவது திடீரென்று போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வான்!

"பிறகு எதுக்கு அவனைச் சேத்தே?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"ரெண்டு பன்னிக்கு ஈடு கட்ட ஒரு இலேசான ஆளு வேணாமா? சும்மா கிடக்கிறவன்தான். கிடந்துட்டுப் போறான்!" என்றான் சிலுப்பன்.

பயிற்சி தொடங்கியது. கரையில் இருந்த மற்ற விலங்குகள் எதிரணியாக ஆடின. சிலுப்பன் ஓரத்தில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தான். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பழத்தைப் பொந்தில் போட்டால், உடனே தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்குவான். எந்த இடத்தில் நின்று போட்டார்களோ, ஓடிப் போய் அதே இடத்தில் அதை நடுவான்.

"வலிக்கலையாண்ணே?" என்று கேட்பாள் மருக்கொழுந்து.

"ஜெயிச்சா வலிக்காது!" என்பான்.

மூன்று வாரத்தில் திடலில் ஐம்பத்தெட்டு முட்கள் நின்றன. கருவாலனுக்கு முப்பத்தொன்று. புனுகாயிக்குப் பத்தொன்பது. பன்றிகள் இரண்டு பேருக்கும் சேர்த்து எட்டு. சுருளிக்கு? ஒன்றுகூட இல்லை.

சுருளி ஒரு நாள் அந்த முட்களையெல்லாம் சுற்றிப் பார்த்தான். "அழகா இருக்கு சிலுப்பா" என்றான். போய் வழக்கம்போல் சுருண்டு படுத்துக்கொண்டான்.

ஆட்டத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மடுவின் எதிர்ப்பாறையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி சிலுப்பா! மாத்திக்க ஆளு ஏதாச்சும் இருக்கா?"

மேற்குக் கரைக்கு ஆள் சேர்ப்பவள் உடும்பு உடையாள். பிடித்ததை விடாத குணம் அந்தக் குலத்துக்கே உண்டு. உடையாளுக்கு அது இரண்டு பங்கு!

"உங்ககிட்ட இல்லாத ஆளாக்கா எங்ககிட்ட இருக்கப் போறாங்க?" என்றான் சிலுப்பன்.

"ஆளு அதிகமா இருக்கிறதுதாம்பா தொல்லை. நேத்து அஞ்சு பேரையும் மரத்துல ஏத்திப் பாத்தேன். மரம் முங்கிடுச்சு! காட்டெருமை திம்மனும் கடமான் கொம்பையாவும் சேந்து நின்னா எந்த மரம் தாங்கும்? திம்மன் எங்க கரையிலேயே பொறந்தவன், அவனை வெளியே குடுக்க மனசில்லே. கொம்பையாவை எடுத்துக்க. உன்கிட்ட இருக்கிறதுல எடை கம்மியா ஒரு ஆளைக் குடு."

கொம்பையா! திடலின் பாதியில் நின்றுகொண்டு, கொம்பால் பழத்தைக் கோரி எறிந்தால் நேரே பொந்துக்குள் போய் விழும். போன வருஷம் கிழக்குக் கரையைத் தோற்கடித்ததே அவன்தான். அவனைக் கொடுத்துவிட்டு ஓர் இலேசான ஆளை வாங்கிக்கொள்கிறாளாமே!

சிலுப்பன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான். "ம்ம், யோசிச்சுச் சொல்றேனே" என்று இழுத்தான். ஆனால் முள்ளுக்கு நடிக்கத் தெரியாதே! அவன் முதுகில் இருந்த அத்தனை முள்ளும் சந்தோஷத்தில் சடசடவென்று எழுந்து நின்றன.

உடையாள் அதைப் பார்த்துவிட்டாள். "ஓகோ! அவ்வளவு ஆசையா? அப்படின்னா உங்க நாவல் மரத்துப் பழமும் இந்தக் கோடைக்கு எங்களுக்குத்தான்."

சிலுப்பனுக்கு அத்தனை முள்ளையும் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல் இருந்தது. இருந்தாலும் சுருளியைத் தருவதாகத் தலையாட்டினான். நாவல் பழம் போனால் போகிறது, கொம்பையா வருகிறானே! கருவாலனும் புனுகாயியும் இலேசுதான், மரம் எப்படியும் தாங்கிவிடும் என்று கணக்குப் போட்டான்.

சுருளியிடம் இதை யார் சொல்வது? சிலுப்பனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. போகிற வழியில் ஒரு காட்டுக்கோழியைக் கூப்பிட்டு, "சுருளியை மேற்குக் கரைக்குப் போகச் சொல்லிடு" என்றான். அப்புறம் கொம்பையாவை வரவேற்க ஓடிவிட்டான். கரையே திரண்டு கொம்பையாவைச் சூழ்ந்துகொண்டது. அந்தக் கும்பலுக்கு நடுவிலிருந்து சிலுப்பன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இலுப்பை மரத்தின்மேல் ஒரு செதில் வால் மெதுவாக அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பயிற்சி. சிலுப்பன் முட்களைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொம்பையா ஒன்று போட்டான். அடுத்து இன்னொன்று. அவ்வளவுதான்! கருவாலன் ஓடினால் துரத்துகிறவர்கள் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். புனுகாயி வளைந்தால் அவள் முன்னாலேயே வந்து நின்றார்கள். ஐந்து நாளில் மொத்தம் பன்னிரண்டு முள். அதிலும் ஒன்பது கொம்பையாவுடையது.

சிலுப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னடா ஆச்சு உங்களுக்கு? சோம்பேறித்தனமா?"

"முன்னெல்லாம் நான் ஓடினா பின்னாடி வர்றவன் காணாமப் போயிடுவான்ணே. இப்போ போக மாட்டேங்கிறான்!" என்றான் கருவாலன்.

"எங்கே திரும்பினாலும் ஒரு வழி இருந்துக்கிட்டே இருக்கும். அதை யாரோ அடைச்சிட்டாங்க" என்றாள் புனுகாயி.

கொம்பையா நல்லவன். அவனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "மேற்குக் கரையில திம்மன் பின்னாடி நின்னுக்குவான். நான் ஆற அமர எறிவேன். இங்கே நாலு பேரு என்னைச் சுத்தி நிக்கிறாங்க. எப்படிண்ணே எறியறது?"

யார் சொன்னதும் சிலுப்பன் காதில் ஏறவில்லை. எல்லோரையும் திட்டி அனுப்பிவிட்டான். ஆட்டத்துக்கு இன்னும் இரண்டே நாள். மருக்கொழுந்து மட்டும் திடலின் ஓரத்தில் குட்டிகளோடு நின்றாள். சிலுப்பனை ஒரு முறை பார்த்துவிட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

அவள் போன பிறகு சிலுப்பன் தனியாகத் திடலில் நடந்தான். பழைய முட்களைப் பார்த்துக்கொண்டே போனவன் எதிலோ கால் இடறித் தடாலென்று குப்புற விழுந்தான்!

எழுந்து பார்த்தான். தரையில் ஒரு குழி. சட்டி அளவு, வட்டமாக, மண்ணில் செதில் அழுத்திய தடத்தோடு. சுருளி சுருண்டு படுத்த இடம்!

"படுக்க வேற இடம் கிடைக்கலியா இவனுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே நிமிர்ந்தான். குழிக்கு ஒரு தாவு தள்ளிக் கருவாலனுடைய முள் ஒன்று நின்றது. சிலுப்பன் அடுத்த முள்ளைப் பார்த்தான். அதற்கு முன்னாலும் ஒரு குழி! அதற்கடுத்த முள்ளிடம் ஓடினான். அங்கேயும்! புனுகாயியின் முள்ளுக்கு முன்னால், பன்றிகளின் முள்ளுக்கு முன்னால், துரத்துகிறவன் எந்த வழியாக வருவானோ சரியாக அந்த வழியில் ஒரு குழி.

சிலுப்பன் திடல் முழுக்க மூச்சிரைக்க ஓடி எண்ணினான். ஐம்பத்தெட்டு முள்ளில் ஐம்பத்தொன்றுக்கு முன்னால் சுருளி படுத்திருக்கிறான்! அசையாமல் கிடப்பவனைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். துரத்துகிறவன் சுற்றிக்கொண்டு வருவதற்குள் பழம் பொந்துக்குள் விழுந்துவிடும். அவன் தூங்கவே இல்லை. வழி செய்து கொடுத்துக்கொண்டிருந்தான்!

மூன்று வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தும், பழத்தின் பின்னாலேயே சிலுப்பனின் கண் போயிருக்கிறது. அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

அப்புறம் எழுந்தான். அழுதுகொண்டிருக்க நேரமில்லை. உடையாளிடம் போய்ச் சுருளியைக் கேட்க வேண்டும். ஆனால் தனக்கு அவன் வேண்டும் என்று தெரிந்தால் அவள் விடுவாளா? முகத்தை மறைக்கலாம். முள்ளை எப்படி மறைப்பது?

சிலுப்பன் மடுவின் ஓரத்துக்குப் போனான். சேற்றில் இறங்கி நன்றாகப் புரண்டான். வெயிலில் படுத்துக் காய்ந்தான். முட்கள் எல்லாம் முதுகோடு ஒட்டிக்கொண்டன. இனிமேல் எழுந்து நிற்க முடிந்தால் நிற்கட்டும்!

மேற்குக் கரையில் உடையாள் ஓர் இடிந்த கரையான் புற்றின் முன்னால் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தாள்.

"என்னப்பா இது கோலம்? சேத்துல முங்கி எழுந்திருச்சு வந்திருக்கே?"

"எங்க கரைக்கு மூணு வருஷமா இதுதானேக்கா தண்ணி!" என்றான் சிலுப்பன். "ஒண்ணுமில்லே, கொம்பையாவைத் திருப்பித் தரலாம்னு வந்தேன்."

உடையாளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "ஏன்? என்ன கோளாறு அவன்கிட்ட?"

"கோளாறு ஒண்ணுமில்லே. தங்கமான ஆளு. எங்க பசங்களோட ஒத்துப் போகலே." அது பொய்யில்லை.

உடையாள் அவன் முதுகையே உற்றுப் பார்த்தாள். ஒரு முள்கூட அசையவில்லை. அவளுக்கு ஆசை அடித்துக்கொண்டது. கொம்பையாவை விட்டதிலிருந்து அவளுக்கும் தூக்கம் இல்லை.

"எடுத்துக்கலாம். ஆனா மரம் முங்குமே? சரி, திம்மனை நிறுத்திட்டு வேற இலேசான ஆளைப் போட்டுக்கறேன். அவன் ஒரு பழம் போட்டதில்லே. பொந்துக்கு முன்னாடி சும்மா நிக்கிறவன்தானே!"

சும்மா நிற்கிறவன்! தான் சொன்ன சொல்லையே அவள் வாயில் கேட்டதும் சிலுப்பனுக்கு என்னவோ செய்தது. 'வேணாம்க்கா' என்று வாய்வரை வந்துவிட்டது. மருக்கொழுந்துவின் குட்டிகள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டான். முதுகில் ஒரு கட்டி மண் மட்டும் வெடித்துப் பொத்தென்று விழுந்தது. நல்ல வேளை, உடையாள் கவனிக்கவில்லை.

"பதிலுக்கு உனக்கு யாரைக் குடுக்கட்டும்? உன் அலங்கையே கூட்டிக்கிட்டுப் போயிடு! வந்த ஆறு நாள்ல நான் முட்டை வைக்கிற புற்றை இடிச்சுக் கரையான் பூராத்தையும் தின்னுட்டான்!"

"ஐயோ, அவனா?" என்று சிலுப்பன் முகத்தைச் சுளித்தான். "வேற ஆளு இல்லையாக்கா?"

"அவன்தான்! இஷ்டம்னா எடு!"

"என்ன செய்யறது... சரி. எங்க நாவல் மரத்தையும் விட்டுடுங்க."

"எடுத்துக்கிட்டுப் போ, போ!"

காரியம் முடிந்தது. துள்ளிக் குதிக்காத குறையாகத் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். புற்றின் மறுபக்கத்தில் சுருளி இருந்தான். 'ஐயோ, அவனா?' என்றதையும் கேட்டிருந்தான். சிலுப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாலை இழுத்துச் சுற்றிக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிட்டான்.

சுருண்ட அலங்கைப் புலியாலும் பிரிக்க முடியாது. அவனாகத்தான் பிரிய வேண்டும்.

"சுருளி! அது உடையாளக்காவை ஏமாத்த சும்மா சொன்னதுடா!"

உருண்டை இன்னும் இறுகியது.

"குழியெல்லாம் பாத்தேன். ஐம்பத்தொண்ணு! நான் ஒரு முட்டாள். நீ பண்ணினது ஒண்ணும் என் கண்ணுல படலே."

சிலுப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். நிழல் நீண்டது. மேற்குக் கரை விலங்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. சிலுப்பன் எழுந்திருக்கவில்லை.

"நீ வந்து ஆட வேணாம்டா. நம்ம கரைக்கு வந்துடு, அது போதும். உன் வளை காலியா இருக்கிறதைப் பாத்துக்கிட்டு எனக்கு உக்கார முடியலே" என்றான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கண்ணீர் வழிந்த இடத்தில் எல்லாம் சேறு கரைந்து ஓடியது.

செதில்களுக்கு நடுவே ஒரு சின்னக் கண் திறந்தது.

"முள்ளு நடலேன்னு எனக்கு வருத்தமில்லே சிலுப்பா" என்றான் சுருளி. "என்னை மாத்திக் குடுத்தியே, அதுகூட உன் வேலை. கோழிகிட்டே சொல்லி அனுப்பினியே, அதுதான்! நேர்ல வந்து சொல்லியிருந்தா நானே சிரிச்சுக்கிட்டுப் போயிருப்பேன்."

"தப்புடா" என்றான் சிலுப்பன். "பெரிய தப்பு."

சுருளி மெல்லப் பிரிந்து எழுந்தான். உடம்பை உதறிக்கொண்டான். "கருவாலன் வாலை இடப்பக்கம் ஆட்டினா வலப்பக்கம் திரும்புவான். தெரியுமா உனக்கு? அதைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, முன்னாடியே போய்ப் படுத்துக்கணும்" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை. "வா, பசிக்குது. இந்தக் கரைக் கரையான் நல்லாவே இல்லே!"

கிழக்குக் கரையில் ஒரே கூச்சல்! "கொம்பையாவைக் குடுத்துட்டு இந்தத் தூங்குமூஞ்சியை வாங்கிக்கிட்டு வந்திருக்கான்! புத்தி கெட்டுப் போச்சு இவனுக்கு!" மருக்கொழுந்து மட்டும் கேட்டாள்: "அண்ணே, தெரிஞ்சுதான் செய்யறியா?"

"இப்பத்தான் தெரிஞ்சு செய்யறேன்" என்றான் சிலுப்பன்.

மறுநாள் இரண்டு அணியும் இலுப்பை மரத்தில் ஏறி நின்றன. தண்ணீரோரம் உட்கார்ந்து பார்த்த நடுவர் மீன்கொத்தி, "தொடவில்லை! தொடவில்லை!" என்று இரண்டு தடவை கத்தியது. இனிமேல் யாரையும் மாற்ற முடியாது.

ஆட்டத்தன்று காலையில் திடலைச் சுற்றிக் காடே கூடிவிட்டது. சிலுப்பன் ஓரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு பெரிய நிழல் விழுந்தது. திம்மன்! அணியில் இடமில்லாதவன் எங்கே போவான்? கிழக்குப் பக்கமாக வந்து மெல்ல உட்கார்ந்துகொண்டான்.

"இங்கே உக்காரலாமா?" என்றான்.

"தாராளமா உக்காருங்கண்ணே" என்றான் சிலுப்பன். அவனால் திம்மனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொம்பையா தொடக்கத்திலேயே வரிசையாக மூன்று பழம் போட்டான். மேற்குக் கரை ஆர்ப்பரித்தது. கிழக்குக் கரையில் பலர் சிலுப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலுப்பன் சுருளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். சுருளி அவசரமில்லாமல் நடந்தான். நின்றான். கருவாலனின் வாலைப் பார்த்தான். போய்ப் படுத்தான். துரத்திக்கொண்டு வந்த மேற்குக் கரைச் செந்நாய் சரக்கென்று நின்று சுற்றிக்கொண்டு போனது. அதற்குள் பழம் பொந்துக்குள்!

அப்புறம் புனுகாயி. அப்புறம் பன்றிகளில் மூத்தவன். சுருளி ஒவ்வொரு முறையும் எழுந்து, மண்ணை உதறிக்கொண்டு, அடுத்த இடத்துக்கு நடந்தான். ஒரு தடவை கொம்பையாவின் காலடியிலேயே போய்ச் சுருண்டான். கொம்பையாவுக்கு எறியவும் முடியவில்லை, தாண்டவும் முடியவில்லை! "இவனை யாராவது நகத்துங்களேன்!" என்று கத்தினான். கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். கொம்பையாவும் சிரித்தான்.

வெயில் ஏறியது. திடலை ஒட்டி நின்ற பெரிய பாறையின் நிழல் திடலை விட்டு இறங்கினால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பழம். நிழல் இன்னும் ஒரு முழம்தான் இருந்தது. மருக்கொழுந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கருவாலன் பழத்தோடு ஓடினான். பின்னாலேயே இரண்டு பேர். வால் இடப்பக்கம் ஆடியது. அவன் வலப்பக்கம் திரும்பினான். துரத்துகிறவர்கள் வரும் வழியில் சுருளி ஏற்கனவே சுருண்டு கிடந்தான்! துரத்திய இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றார்கள். கருவாலன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே மேற்குக் கரையின் மருத மரம். பொந்துக்கு முன்னால் யாரும் இல்லை.

"நான் அங்கே நின்னிருந்தா இது போயிருக்காது" என்றான் திம்மன் தாழ்ந்த குரலில்.

பழம் பொந்துக்குள் விழுந்தது. நிழல் திடலை விட்டு இறங்கியது.

"பதினொன்று! பத்து!" என்று மீன்கொத்தி கத்தியது யார் காதிலும் விழவில்லை. அவ்வளவு சத்தம்! பன்றிகள் உருண்டன. மருக்கொழுந்துவின் குட்டிகள் ஏழும் ஏழு திக்கில் ஓடின. எல்லோரும் கருவாலனைத் தூக்கிக்கொண்டார்கள். சிலுப்பன் அங்கே போகவில்லை. தன் முதுகில் இருந்ததிலேயே நீளமான முள்ளைப் பிடுங்கினான். சுருளி கடைசியாகப் படுத்த குழிக்குப் போய், நடுவில் அதை ஊன்றினான்.

சுருளி அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தான். "வலிச்சுதா?" என்று கேட்டான்.

"இல்லே" என்றான் சிலுப்பன். கண் கலங்கியிருந்தது.

அப்போது கருவாலன் பின்னால் வந்து, ஜெயித்த பழத்தைச் சிலுப்பனின் முதுகை நோக்கி எறிந்தான். அது சொத்தென்று குத்திக்கொண்டு நின்றது. வாழ்நாளில் முதல் முறையாகச் சிலுப்பன் அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. அன்று முழுக்க அதைச் சுமந்துகொண்டே திரிந்தான்!

உடையாள் மெல்ல நகர்ந்து வந்தாள். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நிஜமாச் சொல்லு தம்பி. அந்த அலங்குகிட்டே என்னத்தைக் கண்டே?"

"நான் எங்கேக்கா கண்டேன்? அவன் படுத்த குழியில இடறி விழுந்தேன்!" என்றான் சிலுப்பன். பிறகு, "நீங்களும் திம்மண்ணன் நிக்கிற இடத்துல ஒரு தடவை விழுந்து பாருங்க" என்றான். உடையாள் வெறுமையாகக் கிடந்த பொந்தின் முன்பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடையின் முதல் விடியலில் மருக்கொழுந்துவின் குட்டிகள் மடுவில் இறங்கின. அடி மணல் தெரிந்தது. குடித்துவிட்டு ஒன்றின்மேல் ஒன்று தண்ணீரை வாரி இறைத்தன. சிலுப்பன் சொல்லி அனுப்பாமல் தானே நேரில் போய் அழைத்து வந்த திம்மனும் கரையில் நின்று, கலக்கிவிடாமல் மெதுவாகக் குடித்தான்.

பழத்தைப் போடுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். அவர் போடுவதற்கு வழி செய்து கொடுப்பவரையும் பார்த்து மதிக்கிறவரே நல்ல அணியைச் சேர்ப்பார்.